நெஞ்சு என்றுதான் சொன்னேன்

எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு பேனாச் சண்டையில்தான் தொடங்கியது. நான் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளன். பீஸ் வெட்டும்போது துணியின் ஓரத்தில் கோடு போட ஒரு சிவப்புப் பேனா எப்போதும் என் சட்டைப் பையில் குத்தியிருக்கும். அதனால் என் பனியனில் இடப்பக்கம், சட்டைப் பைக்கு நேர் கீழே, துரு நிறத்தில் ஒரு சின்னக் கறை தெரிந்ததும் என் மனைவி பழியைப் பேனாவின் மேல் போட்டுவிட்டாள்.

"மூடியப் போடாமக் குத்தி வச்சிருப்பீங்க. எத்தன தடவ சொல்றது?"

பேனாவை மாற்றினேன். கறை வந்தது. பேனாவைக் கால்சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன். அப்போதும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. இங்க் இப்படி ஓரம் கட்டி நிக்காது. இது ரத்தம்."

"கொசு கடிச்சிருக்கும்."

"வாராவாரம் ஒரே எடத்துலயா? அந்தக் கொசு உங்ககிட்ட வாடகைக்கு இருக்கா? சட்டையக் கழட்டுங்க."

"மக வர்ற நேரம்."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கழற்றினேன். அவள் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, அரிசியில் கல் தேடுகிற கவனத்தோடு இடப்பக்கக் காம்பைச் சுற்றி விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். காம்புக்கு அடியில் ஊறவைத்த கடலை போல ஒன்று உருண்டது. நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பனியனின் ஓரத்தால் ஒற்றி எடுத்தாள். அதே துரு நிறம். வலி துளிகூட இல்லை. வலிக்காத ஒன்றுக்காக யாராவது டாக்டரிடம் போவார்களா என்று கேட்டேன். அவள் என் கைப்பேசியை எடுத்து என் கையிலேயே கொடுத்து, "நாளைக்கு லீவு வேணும்னு மொதலாளிக்குச் சொல்லுங்க" என்றாள்.

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் அரசாங்கப் பாலிகிளினிக். அன்று இருந்த டாக்டர் தமிழ்ப் பெண், என் மகளைவிடச் சின்னவர். தொட்டுப் பார்த்தார், அக்குளிலும் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, "அங்கிள், ஒங்கள பிரெஸ்ட் கிளினிக்குக்கு அனுப்புறேன்" என்றார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பெரிய ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். வேறு யாருக்கோ உள்ள சீட்டை எனக்குத் தருகிறார் போல என்று நினைத்தேன்.

"டாக்டர், எனக்கு நெஞ்சுல."

"அதான் அங்கிள். அதே எடம்தான்."

"அது லேடீஸுக்கு லா."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஸ்கூல்ல எங்களுக்கு மார்பகம்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆம்பளைங்களுக்கும் அது இருக்கு அங்கிள், கொஞ்சமா. கொஞ்சமா இருக்குங்கறதால வர்றது வராமப் போயிடாது. சீக்கிரம் பாத்துடலாம், சரியா?"

மார்பகம் என்பது வானொலியில் உடல்நலப் பேச்சில் வருகிற சொல். அது வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அப்படி ஒன்று என்னிடமே இருக்கிறது என்பதை இத்தனை வயசுக்கு மேல் தெரிந்துகொண்டு வீடு திரும்பினேன். கூட வந்திருந்த என் மனைவி வழியெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்குள் போனால் நாற்காலிகள் முழுக்கப் பெண்கள். இரண்டு மூன்று ஆண்களும் இருந்தார்கள், எல்லார் மடியிலும் மனைவியின் கைப்பை. தாதி வந்து என் எண்ணைச் சொன்னதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். அவர் என் மனைவியின் தோளில் அன்பாகக் கை போட்டு உள்ளே அழைத்துக்கொண்டு, என்னிடம் "அங்கிள், யூ வெயிட் ஹியர்" என்றார். என் மனைவிக்கு ஆங்கிலத்தில் மறுத்துப் பேச வராது. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நானும் மற்ற ஆண்களைப் போலவே அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கையில் ஒரு ரோஸ் நிற அங்கியோடு என் மனைவி வந்து, "இந்தாங்க, இது உங்களுக்காம்" என்று நீட்டினாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர், எங்கள் பேச்சில் மாக்சிக், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் என் கையைத் தட்டி மன்னிப்பும் கேட்டார். தனக்கு இந்த நோய் இரண்டாவது தடவை வந்திருக்கிறது என்றும், இது பழகிப்போன இடம் என்றும் மலாயில் சொன்னார். அங்கியை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். திறப்பு முன்பக்கம் வரவேண்டும், பாக்சிக், பின்னால் கட்டினால் திரும்பப் போடச் சொல்வார்கள் என்றார். பாக்சிக் என்றால் அவர்கள் பேச்சில் மாமா. தாதி வந்து என்னிடமும் என் மனைவியிடமும் மாற்றி மாற்றி 'சாரி' சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? நானே நம்பாத ஒன்றை அவர் எப்படி நம்புவார்.

உள்ளே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுக்கிற இயந்திரம். அழுத்துவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? படம் எடுக்கும் அம்மா நல்ல கைப்பலம் உள்ளவர். எங்கிருந்தோ கொஞ்சம் சதையைத் திரட்டி இழுத்துப் பலகையில் வைத்துவிட்டார். நான் கண்ணை மூடி ஆயத்துல் குர்ஸி ஓதினேன். ஓதி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய ஊசியால் உள்ளேயிருந்து துணுக்கு எடுத்தார்கள். கடையில் சேலைக்கு விலைச்சீட்டு குத்துகிற துப்பாக்கி மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். பழகிய சத்தம் என்பதால் பயம் குறைந்தது.

முடிவு சொல்லும் நாளில் உட்லண்ட்ஸிலிருந்து மகள் வந்திருந்தாள். டாக்டர் சீன அம்மா, நிதானமாகப் பேசுகிறவர். அவர் பேசப் பேச மகள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, கேன்சர்தான். ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொன்னதை எல்லாம் நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் தைரியமாக இருந்தேன் என்று எழுதினால் பொய். செருப்புக்குள் கால்விரல்கள் தாமாகச் சுருண்டுகொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆண்களுக்கு இது வருவதே அபூர்வமாம். வருகிறவர்களிலும் எனக்கு வந்திருக்கிற ரகம் இன்னும் அபூர்வமாம். ஒரு சின்னப் பைக்குள் அடைத்துவைத்த மாதிரி வளருமாம், மெதுவாக. அந்தப் பைக்குள்ளேயே இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பையை விட்டு வெளியேறியிருந்தால் கதை வேறு.

"நாலு நம்பர் லாட்டரிக் கடப் பக்கமே போகாத மனுசன் நான்," என்றேன் மகளிடம். "எனக்குப் போய் இப்படி ஒரு குலுக்கல் விழுந்திருக்கு பாரு."

மகள் அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

வெளியேறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மகள் யோசித்துச் சொன்னாள். "எங்க உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட் இருக்குல்ல வாப்பா? எல்ல தாண்டி ஜொகூருக்கு யார் போனாலும் அதத் தாண்டித்தானே போகணும். அந்த மாதிரி அக்குள்ள ஒரு முடிச்சு இருக்காம். ஆபரேஷன் செய்யறப்ப அதையும் எடுத்துப் பாப்பாங்க. அங்க யாரும் வரலன்னா, யாரும் தாண்டலன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து என் துஆ எல்லாம் அந்தச் செக்பாயிண்ட்டைப் பற்றித்தான். யா அல்லாஹ், அங்கே ஒருத்தரும் வந்திருக்கக் கூடாது.

பள்ளிவாசலில் சொல்லாமல் இருக்க முடியாது. தினமும் அஸர் தொழுதுவிட்டுப் பக்கத்துக் கோப்பிக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவோம். அதில் ஒருவர் நாணயமாற்றுக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர். எனக்கு மச்சான் முறை இல்லை, ஆனாலும் மச்சான். இடது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். என் கெட்ட நேரம், நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒன்று வேறு இரைந்துகொண்டு போனது.

"நெஞ்சுல ஒரு கட்டி, மச்சான். ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க."

"நெஞ்சுலயா? அடப்பாவி. எத்தன?"

"ஒன்னுதான்."

"ஒன்னுதானா?" என்று பின்னால் சாய்ந்துகொண்டார். "எனக்கு மூனு அடைப்பு. ஒன்னெல்லாம் ஒரு அடைப்பா? பயப்படாத லா."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது வேறு என்று தெரிந்தது. திருத்த வாயைத் திறந்தேன். திருத்த வேண்டுமானால் அந்த வானொலிச் சொல்லைச் சொல்ல வேண்டும். அந்த மேசையில், அந்த ஆட்கள் மத்தியில், எனக்கு நாக்கு எழவில்லை. நான் நெஞ்சு என்றுதான் சொன்னேன், அது பொய்யும் இல்லையே என்று இருந்துவிட்டேன். இரவு இஷா தொழுகைக்குள் பள்ளி முழுக்க என் இருதயம் கெட்டுப்போயிருந்தது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல. ஒருவர் ஓட்ஸ் மூட்டை கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் தினமும் பூண்டு மென்று விழுங்கச் சொன்னார். மச்சான் என் தட்டிலிருந்த முட்டைப் புரோட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இது இனிமே ஒனக்கு விஷம்" என்று சொல்லி அவரே தின்றார். படியேறினால் இரண்டு பேர் இரண்டு கையைப் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் எங்கள் இமாம் ஹஜ்ரத் எனக்காகத் துஆச் செய்தார். இருதய நோயால் அவதிப்படும் நம் சகோதரருக்கு ஷிஃபாவை, முழு சுகத்தைத் தருவாயாக என்று அவர் கேட்க, பள்ளி முழுக்க ஆமீன் சொன்னது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே ஒரு கவலையும் வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"அத்தன பேரும் இருதயத்துக்குல்ல கேட்டிருக்காங்க. என் துஆ வேற எடத்துக்குப் போயிடுச்சோ?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "ஒங்களப் படைச்சவனுக்கு எது எந்த எடம்னு தெரியாதா? போஸ்ட்மேன் கணக்கா அவன வீடு தேடச் சொல்றீங்க."

எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டர் வந்து என் இடப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காம். அந்த முடிச்சைக் கண்டுபிடிக்க ஒரு நீலச் சாயத்தையும் ஊசியில் ஏற்றுவார்கள் என்று தாதி முன்பே சொல்லியிருந்தார். அதன் பின்விளைவையும் சொல்லியிருப்பார் போல, நான்தான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கழிப்பறைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கடையில் நாங்கள் 'மயில் கழுத்து' என்று விற்கிற நிறம் தொட்டியில் கிடந்தது. பட்டுச் சேலையில் பார்த்தால் அழகான நிறம். நான் போட்ட சத்தத்தில் தாதி ஓடி வந்து, எட்டிப் பார்த்து, "நார்மல், அங்கிள், நார்மல்" என்று முதுகைத் தட்டினார்.

இடப்பக்கம் இப்போது தட்டையாக ஒரு கோடு. காம்பு இல்லை. காயத்து நீர் வடிய ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குப்பியைச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு தொழலாமா என்று ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாகக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள், மார்க்கம் நோயாளிக்கு இலேசானது என்றார். "இருதய ஆபரேஷனுக்குக் குப்பியெல்லாம் வைக்கிறாங்களா பாய்?" என்று கடைசியில் கேட்டார். "எனக்கு வச்சிருக்காங்க ஹஜ்ரத்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சோதனை முடிவு வர வேண்டியிருந்த அந்த நாட்கள்தான் கஷ்டம். காயம் வலிக்கவில்லை, அக்குள் பக்கம் நினைப்பு போனால்தான் வலித்தது. விடிகாலை சுபுஹுக்கு எழுந்தால் என் மனைவி எனக்கு முன்பே முசல்லா விரிப்பில் இருப்பாள், சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழுந்திருக்கமாட்டாள்.

முடிவு கேட்கப் போன நாளில் அதே பிரிவு, அதே நாற்காலிகள். ஆச்சரியம், அந்த மாக்சிக்கும் இருந்தார், தன் மருந்து ஊசிக்காக. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த சீன ஆன்ட்டியிடம் ஏதோ சொல்லி எனக்கு இடம் ஒதுக்கினார். என் கதை அந்த வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது என்று அவர்கள் பார்த்த பார்வையிலேயே புரிந்தது. இந்தத் தடவை தாதி எண்ணைச் சொல்லி நேராக என் கையைப் பிடித்தார்.

டாக்டர் கணினியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். "அங்கிள், செக்பாயிண்ட் கிளியர்."

மகள் அவரிடம் அந்தச் செக்பாயிண்ட் கதையை எப்போது சொன்னாளோ தெரியாது. பைக்குள் இருந்தது பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. முடிச்சில் ஒன்றும் இல்லை. நான் அங்கேயே, அந்த அறையில், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். தைத்த இடம் இழுத்தது. டாக்டர் பதறி எழுந்து, நான் மயங்கி விழவில்லை என்று மகள் சொன்னபிறகு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் மாக்சிக் புருவத்தைத் தூக்கினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவரும் சொன்னார். பக்கத்துச் சீன ஆன்ட்டிக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் கை தட்டினார். அந்த வரிசையில் முடி கொட்டித் துணி கட்டியிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். மாக்சிக்குக்கு அன்று என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. அவருக்காக இன்றுவரை ஒவ்வொரு மஃரிப் தொழுகையிலும் கேட்கிறேன்.

இனி திரும்ப வராமல் இருக்க வருடக்கணக்காக ஒரு மாத்திரை. பெண்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. விழுங்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் கடையில் வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தபோது கழுத்திலிருந்து தலைவரை குப்பென்று தீ பிடித்த மாதிரி ஆனது. சட்டை நனைந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். என் மனைவி ஃபேனுக்கு நேரே எனக்கு நாற்காலி போட்டாள்.

"எனக்கு மாசக் கணக்கு நின்ன வயசுல இது வந்தப்ப என்ன சொன்னீங்க? ஏசி பில்லு ஏறுதுன்னு சொன்னீங்கள்ல?"

"சொன்னேனா?"

"சொன்னீங்க. இப்ப பில்லு ஏறலயா?"

அன்றிரவு இரண்டு பேரும் ஒரே ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே மாதிரி வியர்த்துக்கொண்டு, சிரித்தோம். இத்தனை வருடக் குடும்பத்தில் அவளை நான் இவ்வளவு புரிந்துகொண்டதில்லை.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். ஆண்கள் வருவதே தாமதமாகத்தான், வீட்டில் யாராவது பிடித்துத் தள்ளினால்தான் வருகிறார்கள், உங்கள் கூட்டாளிகளிடம் சொல்லுங்கள் என்று. நான் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். என் மனைவி விடவில்லை. "ஒங்களுக்குப் பனியன் தொவைக்க நான் இருந்தேன். ஒங்க கூட்டாளிங்க வீட்டுல எல்லாம் மெஷின்ல போடுறாங்க, யார் பாப்பாங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். மச்சான் வழக்கம்போல என் புரோட்டாவுக்குக் கையை நீட்டினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், எனக்கு இருதயத்துல ஒன்னுமில்ல."

"அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே."

"ஆபரேஷன் வேற எடத்துல. இங்க." சட்டையின் மேல் பொத்தான்களை அவிழ்த்துக் காட்டினேன். தட்டையான அந்த இடத்தைப் பார்க்க எல்லாரும் மேசைமேல் குனிந்தார்கள். நான் இந்தத் தடவை அவருடைய நல்ல காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். மெதுவாக, தெளிவாக, டாக்டரம்மா சொன்ன அந்த முழுச் சொல்லையும், கூடவே புற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஆம்பளைக்கா?" என்றார் ஒருவர்.

"ஆம்பளைக்கும்."

"அப்ப நான் குடுத்த ஓட்ஸு?" என்றார் இன்னொருவர்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு."

மச்சான் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எப்படிப் பாக்கணும்?" என்று மட்டும் கேட்டார். விரலை மடக்காமல் தட்டையாக வைத்து, காம்பைச் சுற்றி வட்டமாக, பிறகு அக்குள்வரை என்று டாக்டர் காட்டியபடி காட்டினேன். ஒருவர் தொடங்க, அடுத்தவர், அதற்கடுத்தவர். வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக நாலு கிழவர்கள் சட்டைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டு, ஏதோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தேநீர்த் தட்டோடு வந்த கடைக்காரர் பதறிப்போனார். "என்ன பாய், எல்லாருக்கும் ஒரே நேரத்துல நெஞ்சு வலியா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"நெஞ்சு இல்லப்பா," என்றார் மச்சான், கையை எடுக்காமலே. காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில் சொன்னார். "மார்பகம். ஒனக்கும் இருக்கு. தேயக் கீழ வச்சிட்டுப் பாரு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டார்.